85 வீதம் நிறைந்த சத்திரசிகிச்சைக்கூடம்: கணக்கில் வருவது அறையா, ஆளா?

குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்ஃபர்ட் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்கு பார்லி லேனில் நிற்கும் கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவை மூடுவதற்கு 2011 இல் அரசு முடிவெடுத்தது. கையெழுத்து, கூட்டம், ஊர்வலம் என்று பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு அந்த முடிவு கைவிடப்பட்டது. அப்போது மூடுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான இல்ஃபர்ட் நோர்த் எம்.பி. வெஸ் ஸ்ட்ரீட்டிங், 2024 ஜூலையில் நாட்டின் சுகாதார அமைச்சராகவே வந்தார்.

ஏ அன்ட் ஈ பற்றி எல்லோரும் பேசுவோம். அதே கட்டடத்துக்குள் கதவு மூடியிருக்கும் இன்னொரு இடத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. அதுதான் சத்திரசிகிச்சைக்கூடம். எங்கட வாயில் 'தியேட்டர்'. முழங்கால் மாற்ற வேண்டிய அம்மா, பித்தப்பைக் கல்லோடு வேலைக்குப் போய்வரும் அண்ணை, கண்புரையால் படி தெரியாமல் தடுமாறும் தாத்தா, இவர்கள் எல்லோருடைய காத்திருப்பும் கடைசியில் அந்தக் கதவில்தான் முடிய வேண்டும்.

கிங் ஜோர்ஜும் ரொம்ஃபர்ட்டில் உள்ள குயீன்ஸ் வைத்தியசாலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. அவசர நோயாளிகளின் பெரும் பாரம் குயீன்ஸில். முன்கூட்டியே திகதி குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைகளுக்கு கிங் ஜோர்ஜ் மேலும் மேலும் மையமாகி வருகிறது. காரணம் எளிது. விபத்தில் அடிபட்டவர் வந்தால் அவருக்குத்தான் முதலிடம். அன்றைக்கு முழங்கால் மாற்ற வந்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டையும் பிரித்துவிட்டால் திகதி கொடுத்தவரைத் திருப்பி அனுப்பும் தேவை குறையும். எப்சமில் 2004 இல் தொடங்கிய தென்மேற்கு லண்டன் எலும்பியல் மையம் இந்த வழியில் முன்னோடி. இன்று இங்கிலாந்து முழுவதும் இப்படியான மையங்கள் பரவி வருகின்றன.

இவ்வளவு அவசரம் ஏன்? இங்கிலாந்தின் காத்திருப்போர் பட்டியல் 2023 செப்டெம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது. 18 வாரத்துக்குள் 92 வீதமானோருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016 இன் தொடக்கத்துக்குப் பிறகு ஒரு மாதமும் எட்டப்படவில்லை. 2029 மார்ச்சுக்குள் அதை மீண்டும் எட்டுவோம் என்பது இப்போதைய அரசின் வாக்குறுதி. 2024 செப்டெம்பரில் லோர்ட் டார்சி கொடுத்த அறிக்கை, ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்கு விழும் சத்திரசிகிச்சை வேலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட 12 வீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. ஆட்களைக் கூட்டியும் வேலை அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆகவே எல்லோருடைய கண்ணும் தியேட்டர் மேல் விழுந்திருக்கிறது: இந்த அறை ஒழுங்காகப் பயன்படுகிறதா? அதை எப்படி அளப்பது?

85 எங்கிருந்து வந்தது?

என்.எச்.எஸ் இன்று பார்க்கும் முக்கிய எண் 85 வீதம். எலும்பியல் நிபுணர் பேராசிரியர் டிம் பிரிக்ஸ் தொடங்கிய 'கெட்டிங் இட் ரைட் ஃபர்ஸ்ட் டைம்' என்ற திட்டம் முன்வைக்கும் இலக்கு அது.

கணக்கு இப்படி. காலையில் ஒரு தியேட்டருக்கு நாலு மணித்தியாலம், அதாவது 240 நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைப்போம். அதில் நோயாளி ஒருவர் மயக்கமருந்துக் குழுவின் கையிலோ சத்திரசிகிச்சைக் குழுவின் கையிலோ இருந்த நேரம் எத்தனை நிமிடம்? 204 என்றால் 85 வீதம். ஒருவரை வெளியே எடுத்து அறையைத் துப்புரவாக்கி அடுத்தவரை உள்ளே கொண்டுவரும் இடைவெளி இதில் சேராது. ஒதுக்கிய நேரத்துக்குப் பிறகு இழுபட்ட நிமிடங்களும் சேராது.

ஏன் 100 கேட்பதில்லை? எலிசபெத் லைனில் ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில் இடைவெளியே விடாமல் அட்டவணை போட்டால் என்ன நடக்கும்? ஒன்று ஐந்து நிமிடம் பிந்தினால் பின்னால் வருவது எல்லாம் பிந்தும். மனித உடம்பு ரயிலைவிட நம்ப முடியாதது. ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்த பித்தப்பை, உள்ளே போய்ப் பார்த்தால் ஒட்டிக்கிடக்கும். இரண்டு மணித்தியாலம் எடுக்கும். கொஞ்சம் காற்றோட்டம் விடாத பட்டியல், கடைசி ஆளின் முதுகில்தான் விழும்.

ஆகவே 85 நியாயமான எண். பிரச்சினை, அந்த எண் எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதில்.

ஒரே காலை, மூன்று குழுக்கள்

மூன்று தியேட்டர்கள். ஒவ்வொன்றிலும் 240 நிமிடம், மூன்று நோயாளிகள். இடைவெளிகளைக் கணக்கு எளிதாவதற்காக விட்டுவிடுவோம்.

முதல் குழு மூவரையும் 204 நிமிடத்தில் முடித்துவிட்டது. பயன்பாடு 85 வீதம்.

இரண்டாம் குழு 240 நிமிடமும் வேலை செய்தது. ஆனால் முடிந்தது இருவர்தான். காலையிலிருந்து பட்டினி கிடந்த மூன்றாமவரை, 'சொறி, இன்றைக்கு நேரமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயன்பாடு? 100 வீதம்.

மூன்றாம் குழு மூவரையும் முடித்தது. 48 நிமிடம் இழுத்துத்தான் முடித்தது. தாதியர் பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல் நின்றார்கள். பிற்பகல் பட்டியலும் பிந்தியது. இங்கேயும் 100 வீதம்.

அறையை மட்டும் பார்த்தால் முதல் குழுதான் கடைசி. வீட்டில் காத்திருக்கும் பிள்ளையைக் கேட்டால் முதல் குழுதான் முதல்.

இந்தக் கோளாறைப் பலர் முன்பே கவனித்திருக்கிறார்கள். ஒக்ஸ்ஃபர்ட்டில் பணியாற்றிய மயக்கமருந்து நிபுணர் ஜெய்தீப் பண்டிட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2007 இல் 'அனஸ்தீசியா' என்ற மருத்துவ இதழில் ஒரு சூத்திரம் முன்வைத்தார்கள். பயன்படுத்திய நேரத்தின் பங்கிலிருந்து இழுபட்ட நேரத்தின் பங்கைக் கழி. வருவதை, பட்டியலில் போட்டவர்களில் எத்தனை பங்கு பேருக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது என்பதால் பெருக்கு. அவ்வளவுதான்.

எங்கள் மூன்று குழுக்களுக்கும் போட்டுப் பாருங்கள். முதல் குழு 85. மூன்றாம் குழு, 100 இல் 20 போக 80. ஒருவரைத் திருப்பி அனுப்பிய இரண்டாம் குழு, மூன்றில் இரண்டு என்பதால் 67. வரிசை தலைகீழாக மாறிவிட்டது. திருப்பி அனுப்பப்பட்ட அந்த ஒரு ஆள் இப்போது கணக்குக்குள் வந்துவிட்டார்.

சூத்திரம் முழுமையானதல்ல. மூன்று பேரைப் போட வேண்டிய இடத்தில் இரண்டு பேரை மட்டும் போட்டு மெதுவாக முடிக்கும் குழுவுக்கும் நல்ல மதிப்பெண் வரும். எத்தனை பேரைப் போடலாம் என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டும். நாள் முழுவதும் நடக்கும் பட்டியலில் நாலு மூட்டு மாற்று என்பது டிம் பிரிக்ஸின் திட்டம் சொல்லும் கணக்கு. சத்திரசிகிச்சை நல்லபடி அமைந்ததா, நோயாளி திரும்ப வந்தாரா என்பதற்கு இன்னொன்று வேண்டும். ஒரு எண்ணால் ஒரு தியேட்டரை அளக்க முடியாது.

நேரத்துக்குத் தொடங்குவதையே பெரிய விடயமாகப் பார்க்கும் நிர்வாகங்களும் உண்டு. எட்டரைக்குக் கத்தி பட்டதா இல்லையா என்று பச்சை, சிவப்புப் போடுவார்கள். அதே பண்டிட் குழு 2012 இல் ஆராய்ந்தபோது, நேரத்துக்குத் தொடங்குவது அந்த நாள் நன்றாக முடிவதற்கு நல்ல அடையாளம் அல்ல என்று கண்டது. பட்டியலை யதார்த்தமாகப் போட்டிருந்தால் பத்து நிமிடம் பிந்தித் தொடங்கினாலும் முடிக்கலாம். அளவுக்கு மிஞ்சிப் போட்டிருந்தால் எட்டரைக்குத் தொடங்கியும் பயனில்லை.

'வீணான' நிமிடம் எல்லாம் வீணல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. ஆள் சரியா, பக்கம் சரியா, ஒவ்வாமை உண்டா என்று எல்லோரும் நின்று கேட்கும் இரண்டு மூன்று நிமிடம். லண்டன், புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் பரீட்சித்தபோது சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாக இறங்கியது. மணிக்கூட்டைப் பார்த்து அந்த நிமிடங்களை வெட்டுகிறவர் எதை வெட்டுகிறார் என்று யோசிக்க வேண்டும்.

மதுரை என்ன செய்தது?

தியேட்டர் வேகம் என்றால் உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் பெயர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை. அரச பணியிலிருந்து ஓய்வுபெற்ற டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களோடு தொடங்கியது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒருவருக்குக் கண்புரை எடுக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். ஆயத்தம், கண் கழுவுதல், கட்டுப் போடுதல் எல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்றப்பட்ட பெண்களின் பொறுப்பு. மருத்துவர் தனக்கு மட்டுமே தெரிந்த வேலையை மட்டும் செய்வார். இப்படி ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2000 கண்புரைகளை எடுக்கிறார். சிகிச்சை பெறுபவர்களில் பெரும் பகுதியினருக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம்.

இரண்டு மேசைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமான பாடம் ஒன்று அங்கே உண்டு. இலவசம் என்று அறிவித்ததும் சனம் வந்துவிடும் என்று நினைத்தார்கள், வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஒரு ஆள், தோட்ட வேலையை விட்டுவிட்டு வர முடியாத நிலை. ஊருக்கு ஊர் முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அந்த மேசைகள் நிறைந்தன. தியேட்டரின் திறன் நோயாளியின் வீட்டு வாசலில் தொடங்குகிறது என்பதை மதுரை அப்போதே கண்டுகொண்டது.

லண்டனிலும் இந்த வகை முயற்சி இல்லாமலில்லை. கைஸ் அன்ட் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் 'ஹிட் லிஸ்ட்' என்று ஒன்று நடத்துகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தியேட்டர். ஒன்றில் முடிய மற்றதில் ஆள் தயார். பெரும்பாலும் வார இறுதியில். கார் ஓட்டப் போட்டியில் டயர் மாற்றும் வேகத்துக்கு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2024 இல் இந்த முறையை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகச் சிறப்புக் குழுக்களை அனுப்புவதாக அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த வேகத்துக்குக் கூடுதல் மயக்கமருந்து நிபுணரும் கூடுதல் தாதியரும் வேண்டும். ஆளில்லாத இடத்தில் வேகத்தை மட்டும் கேட்டால் இருக்கிறவர்கள் களைத்துப் போவார்கள்.

தியேட்டர் ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி. இலங்கையில் 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் அறை இருந்தது, நிபுணர் இருந்தார், நோயாளி இருந்தார். மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நின்றுபோயின. இங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை. என்றாலும் வார்ட்டில் கட்டில் காலியில்லை என்ற ஒரே காரணத்தால் முழுக் குழுவும் கை கட்டி நிற்கும் காலைகள் இங்கேயும் உண்டு.

எங்கட வீட்டில் நடக்கும் தாமதம்

இனி எங்கட பக்கத்தையும் பார்ப்போம். ஒரு பட்டியல் குழம்புவதற்கான காரணங்களில் சில, எங்கட சமையலறையிலும் எங்கட மொழியிலும் இருக்கின்றன.

சாப்பாடு. மயக்கமருந்துக்கு முன் பொதுவாக ஆறு மணித்தியாலம் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை குடிக்கலாம். எங்கட அம்மாமாருக்கு 'சாப்பிடவில்லை' என்றால் சோறு, இடியப்பம் சாப்பிடவில்லை என்று அர்த்தம். விடிய ஐந்து மணிக்குக் குடித்த பால் தேத்தண்ணி அவர்களுடைய கணக்கில் வராது. மயக்கமருந்து நிபுணருடைய கணக்கில் பால் சேர்ந்தால் அது சாப்பாடுதான். ஒரு கப் தேத்தண்ணி ஒரு சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடும்.

சீனி வருத்தம். தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இந்த நாட்டின் வெள்ளையரைவிடப் பல மடங்கு கூட. அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 69 க்குக் கீழே, பழைய கணக்கில் 8.5 வீதத்துக்குக் கீழே, இருப்பது நல்லது என்பது இங்குள்ள வழிகாட்டல். பட்டியலில் பெயர் விழுந்த நாளிலிருந்தே ஜீபியோடு பேசி அதைக் குறைக்கலாம். திகதி வந்த பிறகு பார்த்தால் நேரம் போதாது.

மருந்து. இரத்தம் ஐதாக்கும் குளிசையை எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கசாயம், சூரணம் எல்லாவற்றையும் முன்பரிசோதனைத் தாதியிடம் சொல்ல வேண்டும். 'அது மருந்தில்லைத்தானே' என்று மறைக்கக் கூடாது.

தாலி. தியேட்டர் வாசலில் வைத்து 'கழற்றுங்கோ அம்மா' என்றால் அழுகிற அம்மாமார் இருக்கினம். மின்சாரக் கருவியால் சூடுபடும் ஆபத்து இருப்பதால்தான் உலோகத்தைக் கழற்றச் சொல்கிறார்கள். இதை இரண்டு கிழமைக்கு முன்பே வீட்டில் பேசி, தேவையென்றால் மஞ்சள் கயிற்றுக்கு மாறலாமா என்று வைத்தியசாலையிலும் கேட்டு வைத்தால் அன்றைய கண்ணீரும் மிஞ்சும், பதினைந்து நிமிடமும் மிஞ்சும்.

மொழி. கடிதம் ஆங்கிலத்தில் வரும், முன்பரிசோதனை ஆங்கிலத்தில் நடக்கும். பிள்ளை வேலையில் நிற்கும். அல்லது பன்னிரண்டு வயதுப் பேத்தி மொழிபெயர்க்கும். என்.எச்.எஸ் இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். திகதி கிடைத்ததும் போன் எடுத்துக் கேளுங்கள்.

கூட இருக்க ஆள். முழு மயக்கமருந்து கொடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் சத்திரசிகிச்சை என்றால் கூட்டிக்கொண்டு போகவும் இரவு கூட நிற்கவும் ஒரு பெரியவர் வேண்டும். ஷிப்ட் வேலை செய்யும் வீடுகளில் இது சிறிய விடயமில்லை. தனியே இருக்கும் முதியவர்களுக்கு அயலவர்களும் கோயில், சங்க ஆக்களும் ஒரு இரவுத் துணைக்கு வந்தால் அதுவும் தியேட்டர் நேரத்தை மீட்கும் வேலைதான்.

இதையெல்லாம் நோயாளியின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. மதுரை பஸ் அனுப்பியது. இங்கே வைத்தியசாலை ஒரு தமிழ் போன் அழைப்பாவது அனுப்ப வேண்டும்: 'நாளைக்குக் காலை பால் தேத்தண்ணி குடிக்காதேங்கோ அம்மா.' இரண்டு நிமிட அழைப்பு.

வேகம் யாரை விட்டுவிடுகிறது?

எண் ஒன்றை இலக்காக வைத்தால் அதற்கேற்ப ஆளைத் தெரிவு செய்யும் ஆசை வரும். புதிய மையங்கள் பெரும்பாலும் ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கானவை. இதய வருத்தம், கட்டுப்படாத சீனி, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவரைத் தீவிர சிகிச்சை வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பெரிய இடத்தில்தான் அவசர நோயாளிகளும் வருகிறார்கள், அங்கேதான் பட்டியல் அடிக்கடி குழம்புகிறது. எங்கட ஐம்பது, அறுபது வயது ஆக்களில் எத்தனை பேருக்கு இந்த வருத்தங்கள் இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. மையத்தின் எண் பச்சையாக மின்னும்போது, அதற்குள் விடப்படாதவர் எத்தனை மாதம் நிற்கிறார் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

இன்னொருவரும் இருக்கிறார்: பழகுகிற மருத்துவர். இளையவர் கைக்குக் கத்தி கொடுத்தால் நேரம் கூடும், எண் இறங்கும். கொடுக்காவிட்டால் பத்து வருடத்தில் கத்தி பிடிக்க ஆளிருக்காது. மெடிசின் படிக்கப் பிள்ளையை அனுப்பிய எங்கட பெற்றோருக்கு இது வெளி ஆட்களின் பிரச்சினை இல்லை.

நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

முதலில் உரிமை. மருத்துவக் காரணம் இல்லாமல் அன்றைய தினமே சத்திரசிகிச்சை இரத்தானால், 28 நாளுக்குள் புதிய திகதி தர வேண்டும். தராவிட்டால் நீங்கள் விரும்பும் நேரத்தில், விரும்பும் இடத்தில் செய்ய அந்த வைத்தியசாலை பணம் கொடுக்க வேண்டும். இது என்.எச்.எஸ் சாசனத்தின் உறுதிமொழி. வாயால் சொன்னால் மறந்துபோகும்; எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது கணக்கு. இரத்தானவை பற்றி ஒவ்வொரு காலாண்டும் எண் வெளியிடப்படுகிறது. ஆனால் அது அன்றைய தினம், மருத்துவம் சாராத காரணத்தால் இரத்தானதை மட்டுமே எண்ணுகிறது. முதல் நாள் பின்னேரம் போன் எடுத்து 'நாளைக்கு வராதேங்கோ' என்றால் அது அதில் விழாது. தேத்தண்ணியால் போனதும் விழாது. லீவு எடுத்த மகளுக்கும், ஒரு கிழமை மனதைத் தயார்படுத்திய அம்மாவுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

2017 இல் என்.எச்.எஸ் தரப்பு ஆய்வொன்று, பட்டியலை ஒழுங்காகப் போட்டால் ஆண்டுக்கு 280,000 சத்திரசிகிச்சைகள் கூடுதலாகச் செய்யலாம் என்றது. அறை நிறைந்த வீதத்தை மட்டும் துரத்தினால் அதில் எத்தனை கிடைக்கும் என்று எனக்குச் சந்தேகம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: திகதி கொடுத்த நூறு பேரில் எத்தனை பேருக்கு, அந்தத் திகதியிலேயே சத்திரசிகிச்சை முடிந்தது? மிச்சப் பேருக்கு ஏன் முடியவில்லை?

கிங் ஜோர்ஜை நடத்தும் நிர்வாகத்தின் சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்கூட்டியே கேள்வி அனுப்பலாம். அவசர சிகிச்சைப் பிரிவைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்ட ஊர் இது. இந்த ஒரு எண்ணை மாதாமாதம் வெளியிடுங்கள் என்று கேட்க அவ்வளவு கையெழுத்தும் தேவையில்லை. நாலு பேர் எழுதினாலே போதும், பதில் சொல்லியாக வேண்டும்.